என் ஈரலை வடிவு என்றவர்

என்னை ஒருவரும் வடிவு, அழகு என்று சொன்னதில்லை. கலியாணத்தன்றும் சொல்லவில்லை. பொம்பிளையைச் சொன்னார்கள். மணவறையைச் சொன்னார்கள். பாயாசத்தைக்கூடச் சொன்னார்கள். ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு டொக்டர் அம்மா என் வயிற்றில் குளிர்ந்த களிம்பைப் பூசி, பக்கத்தில் இருந்த திரையைப் பார்த்து, "ஐயோ, என்ன வடிவான ஈரல்!" என்றார்.

அப்படிச் சொன்னால் திருப்பி என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

அவர் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கிற டொக்டர். இப்போது இங்கே இல்லை. மாற்றலாகிப் போய்விட்டார். எழுதட்டுமா என்று கேட்க முடியாததால் பெயரை எழுதவில்லை.

கட்டையான ஆள். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சில்லுப் பூட்டிய கதிரையில் இருப்பார். ஒருவரின் வயிற்றுக்குள் மனதுக்குப் பிடித்த எதையாவது கண்டால் காலால் நிலத்தை ஒரு உதை உதைப்பார். கதிரை பின்னால் ஓடிச் சுவரில் முட்டும். அதே வேகத்தில் திரும்பி வந்து அடுத்த பக்கத்தைப் பார்ப்பார். சுவரில் அந்த இடத்தில் பெயின்ற் இல்லை.

அவருக்கு எல்லாருடைய உள்ளும் வடிவு. அதுதான் அவர். வேறு ஒன்றும் எழுதாமல் இதோடு நிறுத்தினாலும் அவரைத் தெரிந்தவர்கள் "ஓம், ஓம், அவாதான்" என்பார்கள்.

ஸ்கான் அறைக் கதவு சரியாகப் பூட்டாது. வெளியே நீள வாங்கில் வரிசையாக இருக்கிற எங்களுக்கு எல்லாம் கேட்கும். மல்லாவியில் இருந்து வந்த ஒரு பொம்பிளை உள்ளே போய் வந்து தன் தங்கச்சிக்குச் சொன்னாள்.

"என்ர கிட்னி ரெண்டும் நல்ல வடிவாம்."

"முகத்தைப் பாத்துச் சொன்னவாவோ, கிட்னியைப் பாத்துச் சொன்னவாவோ?"

"கிட்னியை."

"அதுதானே பாத்தன்."

முல்லைத்தீவு மீன்காரர் ஒருவருக்குப் பித்தப்பையில் கல். உள்ளே இருந்து சத்தம் வந்தது. "ஒண்டு... ரெண்டு... மூண்டு... அசையாதேங்கோ அண்ணை, ஒருத்தர் ஒளிச்சு நிக்கிறார்... பதினொண்டு!" பதினொன்றுக்குக் கதிரை சுவரில் முட்டியது. "எல்லாம் ஒரே அளவு. தெரிஞ்செடுத்து வைச்ச மாதிரிக் கிடக்கு."

"எடுத்தாப் பிறகு கழுவித் தருவியளோ டொக்டர்?" என்று மீன்காரர் கேட்டார். "மனுசிக்கு ஒரு மாலை கோக்கலாம்."

உள்ளே சிரிப்பு. வாங்கிலும் சிரிப்பு. வயிற்றுக் குத்தோடு வந்திருந்த ஒருவர் மட்டும் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதேங்கோப்பா, குத்துது" என்று கெஞ்சினார். அவரைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் அவர் அப்படித்தான். ஒருமுறை பரந்தனில் என் உழவு மெசினின் கியர்ப் பெட்டியைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்திருந்தோம். அவர் பஸ்ஸுக்கு நின்றார். என்னைக் கண்டுவிட்டு வந்தார். சாக்கில் கிடந்ததைக் கண்டதும் என்னை மறந்துவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்தினார்.

"இது என்ன ஐயா?"

"கியர்."

"இவ்வளவு வடிவாவோ உள்ளுக்கு இருக்கிறது! வெளியில பாத்தா ஒரு ஊத்தைப் பெட்டி."

மெக்கானிக் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். பஸ் போய்விட்டது. அவர் அடுத்த பஸ்ஸையும் விட்டுவிட்டுத்தான் எழும்பினார். சேலையில் கிறீஸ்.

இனி என் வயிற்றின் கதை. அது இல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

நாங்கள் ஜெயபுரம் பக்கம். எங்கள் ஊரில் பலருக்கு உடம்புக்குள் இரும்பு இருக்கிறது. செல் வெடித்துச் சிதறிய துண்டு. பீஸ் என்போம். மழை வருமுன் பீஸ் குத்தும். வானொலியில் சொல்கிறதைவிட அது சரியாக இருக்கும். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் தோளைத் தடவுவார், ஒருவர் தொடையைத் தடவுவார், பிறகு எல்லாரும் எழும்பிப்போய் நெல்லை மூடுவோம்.

பீஸ் நடக்கும் என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. சைக்கிள் கடை அண்ணைக்குத் தோளில் புகுந்த பீஸ் முழங்கைக்கு வந்துவிட்டதாம். இன்னும் சில வருடத்தில் விரல் வழியே வெளியே வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எனக்குக் கடைசிச் சண்டையில் வயிற்றில் பட்டது. ஒரு துண்டை எடுத்துத் தைத்தார்கள். இன்னொன்று ஆழத்தில் கிடக்கிறது, கிடக்கட்டும் என்றார்கள். பல வருடம் ஒரு கரைச்சலும் இல்லை. பிறகு அந்தத் தையல் தழும்புக்குக் கீழே ஒரு வீக்கம். முதலில் புளியங்கொட்டை அளவு. பிறகு மாங்காய்ப் பிஞ்சு அளவு. கல்லுப் போல இருந்தது. நோகவில்லை.

ஊர் முழுக்க ஒரே முடிவு சொன்னது: பீஸ் நடந்து மேலே வந்துவிட்டது.

சைக்கிள் கடை அண்ணை அதை நிரூபிக்கப் பழைய ரேடியோப் பெட்டியின் காந்தத்தைக் கழற்றி எடுத்தார். என்னைக் கடை வாங்கில் படுக்க வைத்தார். சேட்டு நுனியை உயர்த்திக் காந்தத்தை வீக்கத்தில் வைத்தார். காந்தம் ஒட்டிக்கொண்டு நின்றது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். வேர்வை காய்ந்ததும் விழுந்துவிட்டது.

"பித்தளைப் பீஸ் போல கிடக்கு" என்றார் அண்ணை.

"பித்தளையில ஆரப்பா செல் செய்யிறது?"

"வெளிநாட்டுக்காரன் எதிலயும் செய்வான்."

அதோடு விசாரணை முடிந்தது. நான் இரண்டு வருடம் உழுதுகொண்டிருந்தேன். என் மனுசிதான் ஒருநாள் இடுப்பில் சாறத்தைக் கட்ட விடாமல் பிடித்து வைத்துப் பார்த்துவிட்டு, "இது நடக்கிறேல்லை, வளருது" என்றாள். அடுத்த நாள் ஆஸ்பத்திரி.

அப்படித்தான் அந்த இருட்டு அறையில் படுத்தேன். ஈரலை வடிவு என்று முடித்துவிட்டு அவர் கேட்டார்.

"இந்த வீக்கம் எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருசம்."

"ரெண்டு வருசமா என்ன செய்தனீங்கள்?"

"உழுதனான்."

"என்னெண்டு நினைச்சுக்கொண்டு உழுதனீங்கள்?"

"பீஸ்."

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்."

"ஒருத்தரும் பாக்கேல்லையோ?"

"காந்தம் வைச்சுப் பாத்தம்."

கதிரை சுவரில் முட்டியது. நான் அதை முதல்முறை கேட்கிறேன். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, கையில் இருந்த கருவியை வீக்கத்தில் வைத்தார்.

சிரிப்பு நின்றது. திரும்பத் திரும்ப அழுத்தினார். பிறகு மெல்லச் சொன்னார்.

"ஐயா, இது பீஸ் இல்லை."

இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"ஐயோ, என்ன வடிவு."

ஈரலைச் சொன்னபோது வெட்கமாக இருந்தது. இதைச் சொன்னபோது வெட்கம் வரவில்லை.

"வடிவெண்டா நல்லதோ?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வடிவு வேற, நல்லது வேற ஐயா. கண்ணாடி விரியன் வடிவுதானே. அதை மடியில வைச்சிருப்பியளோ?"

"இல்லை."

"இது என்ன பாம்பெண்டு முதல்ல பாப்பம்."

திரையை என் பக்கம் திருப்பினார். அவர் எல்லாருக்கும் அப்படித் திருப்புவார். "உங்கட வயிறு. நான் மட்டும் பாத்தா முறையில்லை" என்பார். தனியே சந்தோசப்பட அவருக்குத் தெரியாது என்று பிறகு விளங்கியது.

"என்ன தெரியுது? சொல்லுங்கோ."

"சேறு."

"வடிவாப் பாருங்கோ."

பார்த்தேன். சேறு இல்லை. கோடு கோடாக இருந்தது. உழுத சால் போல. எல்லாக் கோடும் ஒரே பக்கம் ஓடியது. ஒரு இடத்தில் மட்டும் ஓடவில்லை. அங்கே கறுப்பாக ஒன்று கிடந்தது. அதன் இரண்டு நுனியும் கோட்டுக்குள் நீண்டு போயிருந்தது.

"அடிக்கட்டை" என்றேன். "உழேக்க மாட்டுப்படுற மரக்கட்டை. வேர் ஓடியிருக்கு."

அவர் இரண்டாம்முறை சுவரில் முட்டினார். "இருபது வருசம் படிச்சதை ஒரு சொல்லில சொல்லிப்போட்டியள் ஐயா! அந்தக் கோடுகள் உங்கட வயித்துத் தசை. கட்டி அதுக்குள்ள வேர் விட்டிருக்கு. நான் இதைப் புத்தகத்திலதான் கண்டனான்."

நான் ஒரு புத்தகத்திலும் இருந்ததில்லை. இப்படி இருக்க விருப்பமும் இல்லை.

எக்ஸ்ரே எடுத்தார்கள். பீஸ் தெரிந்தது. இடுப்பெலும்புக்குப் பக்கத்தில், நெல்மணி அளவில். வீக்கத்துக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். என் பழைய ஆஸ்பத்திரிக் கடுதாசியில் எழுதியிருந்த அதே இடம். அசையவே இல்லை.

"பாவம்" என்றார் டொக்டர் அம்மா. "இவ்வளவு வருசமும் கிடந்த இடத்தில கிடந்திருக்கு. அதின்ர தலையில பழியைப் போட்டுட்டியள்."

ஊருக்கு வந்து சொன்னேன். சைக்கிள் கடை அண்ணைக்குப் பிடிக்கவில்லை. "உன்ர பீஸ் நடக்காட்டி மற்றாக்களின்ர நடக்காதோ? உன்ர சோம்பேறிப் பீஸ்" என்றார்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்கிற மெசின் ஒன்று உண்டாம். அது முழுக்கக் காந்தம். ஒரு அறை அளவு. அதற்குள் என்னை விடமாட்டேன் என்றார் டொக்டர் அம்மா. "உங்கட பீஸ் இரத்தக் குழாய்க்குக் கிட்டக் கிடக்கு. சைக்கிள் கடைக் காந்தத்துக்கு அசையாதது இதுக்கு அசைஞ்சாலும் அசையும்." அதனால் வளையம் போன்ற மற்ற மெசினில் படம் எடுத்தார்கள். கையில் மருந்து ஏற்றினார்கள்.

"உடம்பு கொதிக்கும்" என்று முதலே சொன்னார். "சாறம் நனைஞ்ச மாதிரியும் இருக்கும். நனையாது. பயப்படாதேங்கோ."

கொதித்தது. நனைந்த மாதிரியும் இருந்தது. நான் அசையாமல் கிடந்தேன். இறங்கியதும் திரும்பி நின்று சாறத்தைத் தடவிப் பார்த்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார். எல்லாரும் தடவிப் பார்ப்பார்களாம். கிளாக்கர், வாத்தியார், ஐயர் எல்லாரும்.

பிறகு அவரே திரையைப் பார்த்துப் பார்த்து ஒரு தடித்த ஊசியைக் கட்டிக்குள் விட்டுத் துண்டு கிள்ளி எடுத்தார். அதைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அப்போதுதான் முழுதும் சொன்னார். மனுசியையும் பக்கத்தில் இருத்திவைத்துச் சொன்னார்.

"இதில ரெண்டு சாதி இருக்கு. படத்தில ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே முகம். ஒண்டு கெட்டது. உடம்பெல்லாம் பரவி ஆளை முடிக்கும். மற்றது பரவாது. இருக்கிற இடத்தில வேர்விட்டு இடக்குப் பண்ணும். ஆளைக் கொல்லுறது குறைவு. எதெண்டு படம் சொல்லாது. துண்டுதான் சொல்லும்."

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்றாள் மனுசி.

"நான் நினைக்கமாட்டன் அம்மா. நான் பாக்கிற ஆள்."

பதில் வர ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள். அந்த ஐந்து கிழமையும் மனுசி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. பொரித்த மீனில் பெரிய துண்டு எனக்கு வந்தது. ஒருநாள் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள். நான் சாகப்போகிறேன் என்று நிச்சயமாக நினைத்தேன்.

பதில் வந்த நாள் நாங்கள் வாங்கில் இருந்தோம். எங்களைக் கூப்பிடவில்லை. அவரே ஓடி வந்தார். ஒரு காலில்தான் செருப்பு. கையில் கடுதாசி. வாங்கில் இருந்த இருபது பேருக்கு நடுவில் நின்று கத்தினார்.

"ஐயா! மற்றது! மற்றது!"

என்ன மற்றது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லாரும் கை தட்டினார்கள். மனுசி தட்டவில்லை. நிலத்தில் குந்தி, முந்தானையால் முகத்தை மூடி, பெரிதாக ஒருமுறை அழுதாள். பிறகு எழும்பி என்னைப் பார்த்து, "சேட்டுப் பொத்தானைப் பூட்டுங்கோ, சனம் பாக்குது" என்றாள். நான் தப்பிவிட்டேன் என்று அப்போதுதான் நம்பினேன்.

ஆனால் அதோடு முடியவில்லை. வெட்டுவதா, விடுவதா என்று அடுத்த கரைச்சல்.

இந்தச் சாதிக் கட்டி பழைய தழும்பில்தான் கூடுதலாக முளைக்குமாம். வெட்டினால் அந்தப் புதுத் தழும்பில் திரும்ப முளைக்கலாம். வெட்டுவதென்றால் வயிற்றுத் தசையில் பாதியை எடுத்துவிட்டு வலை வைத்துத் தைக்க வேண்டும். நான் இனி உழவு மெசின் பிடிக்க முடியாது. வெட்டாமல் விட்டால் சிலது வளரும், சிலது நிற்கும், சிலது தானாகச் சுருங்கும். எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பார்த்துக்கொண்டிருப்போம் என்றார் டொக்டர் அம்மா. சத்திரசிகிச்சை டொக்டரும் சம்மதித்தார்.

ஊருக்கு இது விளங்கவில்லை. "படம் மட்டுமோ எடுக்கினம்?" என்றார் சைக்கிள் கடை அண்ணை. "இதென்ன ஆஸ்பத்திரியோ, தியேட்டரோ?"

மனுசிக்கும் விளங்கவில்லை. இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்கான் அறைக்குப் போய் நின்றாள்.

"டொக்டர் அம்மா, ஒண்டு கேட்டாக் கோவிக்கக் கூடாது."

"கேளுங்கோ."

"உங்களுக்கு அது வடிவா இருக்கெண்டு வெட்டாமல் வைச்சிருக்கிறியளோ?"

நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒரு பல்லி இருந்தது. அதுவும் அசையவில்லை.

அவர் கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"அதே கேள்வியை நானும் என்னட்டக் கேட்டனான் அம்மா. இப்பிடி ஒண்டைக் கண்டா எனக்குச் சந்தோசம் வந்திடும். வரக் கூடாத இடத்திலயும் வந்திடும். அது என்ர குறை. அதால என்ர கண்ணை நான் நம்பேல்லை. படங்களை ரெண்டு பெரிய டொக்டர்மாருக்கு அனுப்பினனான். நான் என்ன சொல்லுறன் எண்டு எழுதேல்லை. ரெண்டு பேரும் வேற வேற ஊர். ஒரே பதில். பொறுத்துப் பாருங்கோ எண்டு."

"பொறுக்கிறது ஆர்? நாங்கள்தானே."

"ஓம். நீங்கள்தான்."

அவர் என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார்.

பிறகு மேசை லாச்சியைத் திறந்து, கொப்பிக்கு உறை போடுகிற கண்ணாடித் தாள் ஒன்றை எடுத்தார். என் வயிற்றில் விரித்தார். கறுப்புப் பேனையால் தொப்புளுக்கு ஒரு பொட்டு வைத்தார். தழும்புக்கு ஒரு கோடு கீறினார். வீக்கத்தைச் சுற்றிக் கையால் தடவித் தடவி வரைந்தார். தாளை மனுசியிடம் கொடுத்தார்.

"இனி என்ர கண் வேண்டாம். உங்கட கண். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி இதை வைச்சுப் பாருங்கோ. கோட்டுக்கு வெளியில வந்தால் வாங்கோ. மூண்டு மாதமும் கூடிக்கொண்டு போனா நானே கையைப் பிடிச்சுக்கொண்டு போய் வெட்டுற டொக்டரிட்ட விடுவன்."

மனுசி அந்தத் தாளைக் கலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். அடுத்த முதலாம் திகதி காலையில் என்னைப் பாயில் படுக்க வைத்துத் தாளை விரித்தாள். பொட்டைத் தொப்புளில் வைத்தாள். தழும்பைச் சரிபார்த்தாள்.

ஒரு விரல் அகலம் வெளியே வந்திருந்தது.

அன்று அடுப்பு மூட்டவில்லை. முதல் பஸ். டொக்டர் அம்மா ஸ்கான் பார்த்தார். "கூடித்தான் இருக்கு" என்றார். மறைக்கவில்லை. வெட்டுவதற்கு ஒரு நாளும் குறித்தார்கள். மூன்றாவது மாதமும் கூடினால் அந்த நாள். மனுசி சிவப்புப் பேனையால் புதுக்கோடு கீறுவித்துக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் மாதம் சிவப்புக் கோட்டில் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனுசி நாலுதரம் வைத்து வைத்துப் பார்த்தாள்.

மூன்றாம் மாதம் முதலாம் திகதி நான் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். தாள் வயிற்றில் குளிர்ந்தது. பொட்டு. தழும்பு. பிறகு ஒரு அடி விழுந்தது. தொடையில். நல்ல அடி.

"உள்ளுக்கப்பா! கோட்டுக்கு உள்ளுக்கு!"

எழும்ப விடவில்லை. வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டார் வந்தார்கள். சைக்கிள் கடை அண்ணை வந்தார். எல்லாரும் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். சிவப்புக் கோட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவில் வெறும் தோல் இருந்தது. அண்ணை தாளை எடுத்துத் தன் தொப்பையில் வைத்து, "எனக்கும் சுருங்குதோ பாருங்கோ" என்றார். அவருக்குத் தாள் போதவில்லை.

வெட்டுவதற்குக் குறித்த நாளில் நான் கூலிக்கு மூன்று ஏக்கர் உழுதேன்.

அதன்பிறகு மாதாமாதம் சுருங்கியது. ஸ்கானுக்குப் போகும்போதெல்லாம் டொக்டர் அம்மா அளந்து சொல்வார். சுவரில் முட்டுவார். ஒருமுறை முட்டிவிட்டுத் திரும்பி வந்து பெருமூச்சு விட்டார்.

"ஒரு பக்கம் சந்தோசம் ஐயா. மற்றப் பக்கம், இப்பிடி ஒண்டு போகுதே எண்டு கிடக்கு."

"போகட்டும் விடுங்கோ டொக்டர் அம்மா!" என்றாள் மனுசி. "வேணுமெண்டா இவரின்ர ஈரலைப் பாத்துக்கொண்டிருங்கோ."

இரண்டு வருடம் ஆனது. அவருக்கு மாற்றல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். கடைசிக் கிழமை என்று வரச் சொன்னார். போனோம். மனுசி வெளியே வாங்கில் இருந்தாள். நான் படுத்தேன்.

களிம்பைப் பூசினார். கருவியை வைத்தார். திரையைப் பார்த்தார். நகர்த்தினார். திரும்ப வந்தார்.

"கட்டி எங்க போட்டுது?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார்.

"மூச்சைப் பிடியுங்கோ. விடுங்கோ. சரிஞ்சு படுங்கோ. மற்றப் பக்கம்." அழுத்திய அழுத்தில் காலையில் குடித்த தேத்தண்ணி தொண்டைக்கு வந்தது. "தசை கிடக்கு. தழும்பு கிடக்கு. குடல் ஓடுது. பீஸ் ஐயா அந்தா தன்ர பாட்டில கிடக்கிறார். ஆனா..."

கருவியை என் வயிற்றிலேயே வைத்துவிட்டு எழும்பினார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்.

"ஓடி வாங்கோ! எல்லாரும் ஓடி வாங்கோ!"

வாங்கில் இருந்தவர்கள் நான் செத்துவிட்டேன் என்று நினைத்தார்களாம். மனுசி அலறிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே விழுந்தாள். என் கால் பெருவிரலைப் பிடித்து ஆட்டினாள். ஆடியது. பிறகுதான் திரும்பினாள்.

"என்ன? என்ன டொக்டர் அம்மா?"

"இஞ்ச பாருங்கோ!"

"எங்க?"

"இஞ்ச!"

"என்ன இருக்கு?"

"இல்லை! பாருங்கோ, இல்லை!"

சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். தாதி ஒருத்தி வந்தாள். துடைப்பத்தோடு ஒருவர் வந்தார். வாசலில் வாங்குச் சனம் எட்டிப் பார்த்தது. டொக்டர் அம்மா என்னைக் கேட்டார்.

"உள்ளுக்கு விடட்டோ ஐயா?"

"விடுங்கோ."

வந்துவிட்டார்கள். சின்ன அறை. இருட்டு. ஒருவர் தோளில் ஒருவர் தாடையை வைத்துக்கொண்டு நின்றார்கள். டொக்டர் அம்மா கருவியை மெல்ல நகர்த்திக் காட்டினார். சால் சாலாகக் கோடு ஓடியது. ஒரு இடத்திலும் தடக்கவில்லை.

"ஓம், இல்லை" என்றார் சத்திரசிகிச்சை டொக்டர்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையே" என்றார் துடைப்பக்காரர்.

"அதுதான் சரி!" என்று கத்தினார் டொக்டர் அம்மா. "அதைத்தான் காட்டுறன்!"

"இன்னொருக்காக் காட்டுங்கோ" என்றது வாசலில் இருந்து ஒரு குரல்.

இன்னொருமுறை காட்டினார். மனுசி திரைக்குக் கிட்டப் போய் விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒருவரும் அசையவில்லை, ஒருவரும் வெளியே போகவும் இல்லை. களிம்பு வழிந்து முதுகுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நானும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். எனக்கும் நன்றாகத் தெரிந்தது.